என்சலடஸ் படத்தில் ஓடுவது ஆறு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் அறிவியல் பக்கத்தில் சனிக் கிரகத்தின் உபகோளான என்சலடஸின் படத்தைப் போட்டு, 'நீல நிற ஆறுகள் ஓடும் நிலவு' என்று கீழே எழுதியிருந்தீர்கள். அங்கே ஆறு எதுவும் ஓடவில்லை. நேரில் பார்த்தால் அந்த நீலமும் கண்ணுக்குத் தெரியாது. உயர்தர மாணவர்கள் வெட்டி வைத்துப் படிக்கும் பக்கம் என்பதால் இதை எழுதுகிறோம்.

என்சலடஸ் 500 கி.மீ. விட்டமுள்ள வெள்ளை வெளேரென்ற பனி உருண்டை. 2017 வரை சனியைச் சுற்றிய நாசாவின் கசினி விண்கலத்தின் கமரா கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தது. ஒளி வடிகட்டிகளை மாற்றி மாற்றி எடுத்தவற்றைப் பூமியில்தான் ஒன்றுசேர்த்தார்கள். தாங்கள் வெளியிட்ட வகைப் படத்தில் புறஊதா நீலமாகவும் அகச்சிவப்பு சிவப்பாகவும் காட்டப்படும். பருமனான பனி மணிகள் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சுவதால் அவ்விடத்தில் சிவப்புக் குறைந்து நீலப்பச்சை மிஞ்சும். அலெக்சாந்திரியா, கெய்ரோ, பக்தாத், டமஸ்கஸ் எனப் பெயரிடப்பட்ட தென்துருவப் பிளவுகளின் ஓரங்கள் அப்படித் தெரிவது இதனால்தான். மற்ற இடங்களை நுண்ணிய பனித்தூள் மூடியிருக்கிறது.

அளவைக் கணிப்பது சுலபம். கசினியின் குறுங்கோணக் கமராவில் ஒரு பிக்சல் 6 மைக்ரோரேடியன், அதாவது ஒரு கி.மீ. தூரத்தில் 6 மி.மீ. அகலத்தைப் பிடிக்கும் கோணம். ஆகவே 1,200 கி.மீ. தூரத்தில் ஒரு பிக்சல் சுமார் 7 மீற்றர். ஆனால் 7 மீற்றர்ப் பாறை தெரிகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்றைப் பாறை என்று சொல்ல மூன்று நான்கு பிக்சலாவது வேண்டும், பக்கத்தில் நிழலும் விழ வேண்டும். தனியாகப் பளிச்சிடும் ஒற்றைப் பிக்சல் பெரும்பாலும் உணரியில் கதிர்வீச்சுத் துகள் பட்ட தடம். அடுத்த படத்தில் அதே இடத்தில் அது இல்லாவிட்டால் தயங்காமல் தள்ளிவிடலாம்.

நெருங்கிப் பறக்கும்போது பெரிய தொல்லை வேகம். 2008 ஆகஸ்ட் 11இல் கசினி 50 கி.மீ. உயரத்தில், செக்கனுக்கு 17.7 கி.மீ. வேகத்தில் கடந்தது. அந்த வேகத்தில் 10 மில்லிசெக்கன் திறந்திருக்கும் கமரா 177 மீற்றர் நகர்ந்துவிடும். அதாவது, மேலே சொன்ன தூரத்தில் 25 பிக்சல். அதனால் விண்கலத்தையே முன்கூட்டிச் சுழல விட்டு, தரை ஓடும் வேகத்துக்கு ஈடாகக் கமரா திரும்பும் தருணங்களில் படம் எடுத்தார்கள். அந்த ஈடு பிசகினால் குழி, கல் எல்லாமே ஒரே திசையில் நீண்டு தெரியும். பார்ப்பவர் அதை நில வரிகள் என்று எண்ணிவிடுவார்.

வெயிலின் திசையும் முக்கியம். எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே வெண்மையாக இருப்பதால், படத்தில் தெரியும் கருமையும் வெளுப்பும் பெரும்பாலும் சரிவின் விளைவே. வெளிச்சம் கீழிருந்து வந்தால் நம் கண் குழியை மேடாகக் காணும். தாளைத் தலைகீழாகப் பிடித்தால் சரியாகிவிடும். பக்கத்தில் இடம் போதவில்லை என்று படத்தைத் திருப்பிப் போட்டாலும் இதே கோளாறு வரும்.

பிளவுகளிலிருந்து பீறிடும் பனித்தாரைகள் சூரியனுக்கு எதிர்முகமாக எடுத்த படங்களில்தான் துலங்கும். வெள்ளவத்தையில் மாலை வெயிலை நோக்கிக் கடற்கரைப் பக்கம் ஓட்டும்போது வாகனத்தின் முன்கண்ணாடித் தூசி பளிச்சென்று தெரிவது போல, நுண்துகள்கள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். 2005 நவம்பர்ப் படங்களில் தாரைகள் தெளிவாகத் தெரிந்தது அப்படித்தான். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் படத்தில் தாரை தெரியாததை வைத்து, பீறிடல் நின்றுவிட்டது என்று எழுதுவது தவறு.

2024 ஒக்டோபரில் ஏவப்பட்ட நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடைந்ததும், அதன் உபகோளான யூரோப்பாவை 49 தடவை நெருங்கிப் பறக்கவிருக்கிறது. 50 கி.மீ. உயரத்திலிருந்து அந்த விண்கலத்தின் கமராவில் ஒரு பிக்சல் அரை மீற்றர். அந்தப் படங்களும் தங்கள் பக்கத்துக்கு வரும். எடுத்த தூரம், வெயில் வந்த திசை, பயன்படுத்திய வடிகட்டிகள் ஆகியவற்றை ஒரு வரியில் படத்தின் கீழே சேர்த்துவிடுங்கள். நாசா வெளியிடும் படக்குறிப்புகளில் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கனவே இருக்கின்றன. தமிழில் எழுதும்போது அவற்றை வெட்டிவிடாமல் இருந்தால் போதும்.

வானியல் ஆர்வலர்கள்,
கொழும்பு 06