வெள்ளைச் சட்டையும் இருண்ட முகமும்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய காணொளியை மூன்று முறை பார்த்தேன். உன் தாயார் ஜன்னலருகே அமர்ந்து ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கையில், வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் பின்னால் நடந்து செல்கிறார். உடனே அம்மாவின் முகம் இருண்டு, அவர் கடந்துபோன பின் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கேமரா பழுதோ என்று கேட்டிருந்தாய். பழுதில்லை. கேமராவை ஆட்டோவில், அதாவது தானே அமைத்துக்கொள்ளும்படி விட்டால், அது நொடிக்கு நொடி வெளிச்சத்தைப் புதிதாக அளந்துகொண்டே இருக்கும்; வெள்ளைச் சட்டை வந்ததும் வெளிச்சம் கூடிவிட்டதென்று காட்சியை இருட்டாக்கும்; புகைப்படத்தில் தெரியாத அந்தத் தடுமாற்றம் காணொளியில் அப்படியே பதிவாகிவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலுக்கு மாறி, முதலில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் (தனிப் படத்திலும்) ஒளி விழும் நேரத்தை, நிலைநிறுத்து. நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடியாக இருக்கட்டும். அசைவில் படியும் அந்த இலேசான கலங்கல்தான் நம் கண்ணுக்கு இயல்பாகப் படுகிறது. நான் ஒருமுறை கடும் வெயிலில் 1/1000 வைத்து, ஓடும் குழந்தைகளை எடுத்தேன். கால்கள் வெட்டி வெட்டி நகர்ந்தன, ஒரு காட்சிகூடத் தேறவில்லை. வெளிச்சம் மிகுந்தால் ஷட்டரைத் தொடாமல் லென்ஸின் முன் என்டி ஃபில்டரை, அதாவது ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியை, மாட்டு. என்டி 8 என்பது ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில், விளக்கொளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதால், 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் திரையில் பட்டைகள் ஓடாது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. சில மலிவான எல்இடி விளக்குகள் எதற்கும் அடங்குவதில்லை என்பதால், பத்து நொடி எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியைப் பெருக்கிக்காட்டும் அளவை, கடைசியாக, வேறு வழியில்லாதபோது மட்டும் ஏற்று. ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய ஒளியின் நிறத்துக்கேற்ப வைக்கும் அளவை, மஞ்சள் பல்புக்கு 3200 கெல்வின், பகல் ஒளிக்கு 5600 என்று பூட்டிவிடு. உன் காட்சியில் ஜன்னல் ஒளியும் பல்பும் கலந்திருப்பதால், எந்த எண்ணை வைத்தாலும் முகத்தின் ஒரு பாதி நீலமாகவோ மஞ்சளாகவோதான் தெரியும்.

ஃபோகஸை மட்டும் நானே இன்னும் ஆட்டோவில்தான் விடுகிறேன். நடமாடும் மனிதர்களைப் பின்தொடர என் விரலைவிட அதுவே தேவலை. ஆனால் அம்மா ஓரிடத்தில் அமர்ந்துதானே பேசுகிறார்? கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடு, பல்பை அணைத்துவிடு, அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொல். பதிவை அப்படியே, வெட்டாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்