செயலாளர் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சிகாகோ புறநகர்த் தமிழர்களான நம் புல்வெளித் தொண்டர் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஏப்ரலில் நம் நிலத்தில் கட்டுப்பாட்டுத் தீ, அதாவது காய்ந்த புல்லையும் களையையும் திட்டமிட்டு எரிக்கும் தீ, வைப்பதாக இருந்தது. காற்று ஒத்துவராததால் இரண்டு முறை தள்ளிப்போனது. 17 வருடத்துக்கு ஒருமுறை வரும் சில்வண்டுகள் மண்ணை விட்டு வெளியே வந்த சமயத்தில் குழந்தைகளுக்காக ஒரு நடை வைத்தோம். மிடேவின் புல்வெளிக் காப்பகத்துக்குப் பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமைகளைப் பார்க்கப் போய்வந்தோம். உறுப்பினர் இருவர் இயற்கைத் தொண்டர்களுக்கான மாஸ்டர் நேச்சுரலிஸ்ட் பயிற்சி முடித்தார்கள். இருவருக்கும் வாழ்த்துகள்.

அடுத்து, பழைய புல்வெளிச் செடிகளைத் திரும்பக் கொண்டுவர நாம் விதை தூவிவரும், நம் பொறுப்பில் இருக்கும் ஒன்றரை ஏக்கர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மூன்று வருடமாக விதை விதை என்கிறீர்கள், போய்ப் பார்த்தால் களைதானே இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

இல்லினாயில் ஒரு காலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி, அதாவது இயற்கைப் புல்வெளி, இருந்தது. 1837இல் இதே மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் ஊரில் ஜான் டீர் எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை கலப்பையில் அப்பிக்கொண்ட கரிய மண் அதன் பிறகு வழுக்கிக்கொண்டு புரண்டது. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர். அதிலும் பல துண்டுகள் ரயில் பாதை ஓரத்திலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் கிடக்கின்றன, ஏர் போகாத இடம் அவைதான் என்பதால். அப்படிப்பட்ட துண்டுகளிலிருந்துதான் அனுமதி வாங்கி விதை எடுக்கிறோம். ஒரு செடியில் பாதிக்கு மேல் கை வைப்பதில்லை.

இந்தப் பிரெய்ரிச் செடிகள் முதல் இரண்டு வருடம் வேரைத்தான் வளர்க்கும். திசைகாட்டிச் செடியின் வேர் 15 அடி வரை இறங்கும்; பூப்பதற்குப் பல வருடம் ஆகும். ஆகஸ்டில் ஒரு நாள் மண்டியிட்டுக் களையை விலக்கிப் பார்த்தேன். விரல் விரலாகப் பிளந்த அதன் இலை ஒன்று விளிம்பை வடக்கு தெற்காகத் திருப்பிக்கொண்டு விறைப்பாக நின்றது. போனில் திசை பார்த்தேன், ஏறக்குறைய சரியாக இருந்தது. நாம் தூவிய விதை அது. பூ வரவில்லை என்று இந்த வேலையை நிறுத்தச் சொல்பவர்கள் என்னோடு ஒருமுறை வந்து அந்த இலையைப் பார்க்க வேண்டும்.

ஜூலை மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளை ஸ்வீட் க்ளோவர் என்னும் களையை விதை கட்டுவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போகின்றன. அதைக் குறை சொல்ல முடியாது, நானும் போகிறவன்தான். ஆனால் இங்கேயே இருந்துகொண்டு, வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலும் போட்டுவிட்டு வராமல் இருந்தால் என்ன செய்வது? மூன்றாவது சனிக்கிழமை வந்தது நானும், புதுக்கோட்டையிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த தலைவரின் அம்மாவும்தான். "கடலைச் செடி மாதிரிதானே தம்பி. அடியைப் பிடிச்சு ஆட்டி இழுங்க, வேர் அறுந்தா திரும்ப வந்துரும்" என்றார்கள். முதல் நாள் மழையில் மண் இளகியிருந்தது. மதியத்துக்குள் மேற்கு ஓரம் முழுவதையும் இருவரும் முடித்தோம். அம்மாவுக்கு இந்தப் பொதுக்குழு தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விதை எடுக்கும் மாதங்களில் கொலுவும் தீபாவளி ஒத்திகையும் வந்துவிட்டன. இருந்தும் 14 வகை சேர்ந்திருக்கிறது. எல்லாம் என் கராஜில் காகிதப் பைகளில் காய்கின்றன. காட்டுப் பெர்கமாட் பையைத் திறந்தால் ஓமவல்லியைக் கசக்கிய வாசனை வருகிறது. அப்புறம் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து விதையை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தராதீர்கள். ஒரு பை முழுவதும் பூசணம் பிடித்துப் போய்விட்டது.

வரவு செலவைப் பொறுத்தவரை, கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா குடும்பத்துக்கு 40 டாலர். பாதிப் பேர் இன்னும் கட்டவில்லை, சிலர் இரண்டு வருடமாகவே. பெயர் சொல்ல விரும்பவில்லை. கையுறை, சல்லடை, ரம்பம் எல்லாம் இந்தப் பணத்தில்தான் வாங்குகிறோம். அக்டோபரில் ரம்பத்துக்குப் புது பிளேடு வாங்க முடியாமல், பக்தார்ன் என்னும் அந்நியப் புதரை வெட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டோம்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வனக்காப்பு நிலத்தின் ஊழியர்கள், தேநீர் கொண்டுவந்த சகோதரிகள் அனைவருக்கும் நன்றி.

ஆறு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். முழங்கால் முன்போல் மடங்குவதில்லை. இளையவர் ஒருவர் முன்வந்தால் எந்த விதை எந்தப் பையில் இருக்கிறது என்பது முதல் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன். யாரும் வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் பார்க்கிறேன்.

விதை தூவும் நாள் ஜனவரி 11, சனிக்கிழமை காலை 9 மணி. இந்த விதைகளில் பலவும் குளிரும் ஈரமும் பட்டால்தான் முளைக்கும், அதனால் பனி கிடந்தாலும் தூவுவோம். விதையோடு கலந்து தூவ மணல் நான் கொண்டுவருகிறேன். ஆளுக்கொரு வாளி எடுத்து வாருங்கள்.