என் அழைப்பைத் தாங்கிய சேகரத்தாருக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான நம் சேகரத்துச் சபையாருக்கு,

ஸ்தோத்திரம். சென்ற ஞாயிறு பேராயர் கைவைத்து ஜெபிக்க, தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக அருட்பொழிவு பெற்றேன். வேன் பிடித்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் வீட்டிலிருந்தே ஜெபித்தவர்களுக்கும் நன்றி.

ஆண்டவர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் மூன்று தடவையும் ஆசாரியரான ஏலியிடம்தான் ஓடினான். அது யார் குரல் என்று ஏலிதான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஏலியாக இருந்தவர்கள் நீங்கள்.

ஊழிய அழைப்பு இருக்கிறது என்று போய் நின்றபோது அன்றைய ஆயர் ஐயா உடனே பரிந்துரைக் கடிதம் எழுதிவிடவில்லை. "சரிம்மா, சந்தோஷம். முதலில் என்கூட வீடு சந்திப்புக்கு வா" என்றார். கீழத்தெருவில் படுத்தபடுக்கையாகக் கிடந்த பாட்டிக்கு 121-ஆம் சங்கீதம் வாசிப்பேன். நான் ஒரு வரி வாசித்தால் அடுத்த வரியை அவர்களே கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். முடிந்த பிறகும் என் கையை விடமாட்டார்கள். ஆயர் பணியில் பிரசங்கம் ஒரு பங்கு; கட்டிலோரம் பொறுமையாக உட்கார்வது அதைவிடப் பெரிய பங்கு. அதைக் கற்றுத்தந்தது அந்த வீடு.

சேகரக் கமிட்டிப் பெரியவர்கள் கேட்ட கேள்விகள் கடுமையானவை. அதற்கும் நன்றி. உள்ளத்தில் கேட்ட அழைப்பைச் சபை சோதித்து ஏற்கும்வரை அது முழுமையாவதில்லை என்றே நான் நம்புகிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, நீங்கள் சமைக்கும்போது கைப்பிடி கைப்பிடியாக எடுத்துவைத்த பிடியரிசியைச் சேர்த்து விற்ற பணத்தில் வாங்கித்தந்த கிரேக்கப் புதிய ஏற்பாடு மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த காலம் முழுவதும் என் மேசையில் இருந்தது. அந்தக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் என் வணக்கம். நம் திருச்சபை 1947-ல் உருவானாலும் பெண்கள் அருட்பொழிவு பெறத் தொடங்கியது 1976-ல்தான். அதற்குமுன் அழைப்பை உணர்ந்தும் நற்கருணைப் பீடத்தில் நிற்க வழியில்லாமல், வீடுகளில் வேதம் சொல்லும் வேதாகமப் பெண்களாக ஊர் ஊராக நடந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் அம்மா, அப்பா. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அங்கி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னது நீங்கள்தான்.

நம் வாலிபர் கூட்டத்தில் "இது ஆண்டவரின் அழைப்புதானா?" என்ற கேள்வியோடு யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். வீடு சந்திப்புக்குக் கூட்டிப்போகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சேகரத்து மகள்