மாளிகாகந்தைக்கு வந்த தமிழர்

வெள்ளவத்தை, கொழும்பு.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு தணிந்து மறுபடி நூலகத்துக்கு நடந்து போகிறீர் என்பதை வாசித்தபோது மனம் ஆறியது. இங்கே மூத்த மகள் மருதானையில் குடிவந்திருக்கிறாள். அவளிடம் போகும்போதெல்லாம் மாளிகாகந்தைப் பக்கமாக நடந்து, சென்னைச் சித்த வைத்தியரான பண்டிதர் அயோத்திதாசரை நினைத்துக்கொள்கிறேன்.

1873இல் அங்கே வித்தியோதய பிரிவெனா என்ற பௌத்தக் கல்விக்கூடத்தை நிறுவிய இக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்கொட்டின் துணையோடு 1898இல் சென்னையிலிருந்து வந்து பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானவர் அவர். ஊர் திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தாம் புதிய மதத்தில் சேர்ந்ததாக அவர் எண்ணவில்லை; தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பூர்வத்தில் பௌத்தர்கள், சாதி இழிவு பிற்பாடு அவர்கள்மேல் சுமத்தப்பட்டது, ஆகவே இது தாய்வீடு திரும்புதல் என்பதே அவர் கொள்கை. குறளைப் பௌத்த மறையான திரிபிடகத்தின் வழிநூலாக்கித் ‘திரிக்குறள்’ என்று அவர் எழுதியதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆயினும் தம் பாட்டனார் கந்தப்பன் காத்துவைத்திருந்த குறள் ஏடுதான் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்று எழுதிய அந்தச் சித்த வைத்தியருக்கு, கல்வி உமக்குரியதன்று என்று பிறர் சொன்னபோது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1907இல் காலணா விலையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கி, 1914இல் கண்மூடும்வரை நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கி உழைத்த நம் மக்களே அவ்வியக்கத்தைத் தாங்கிய தூண்கள். இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள் அதைத் தம்மோடு கொண்டு சென்றார்கள்.

1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட வந்த, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மறிக்கப்பட்டதை நாம் இளைஞராய் நின்று பார்த்தோமே, அன்று நம் இருவருக்கும் வாய் திறக்கத் துணிவு வரவில்லை. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, கோயில் கதவு திறக்கும்வரை காத்திராமல், ஒரு தமிழர் இந்த நகரத்துக்கு வந்து, சிங்களத் தேரர் ஒருவர்முன் அமர்ந்து தம் மக்களுக்காக வேறொரு வாசலைத் தேடினார். பௌத்தம் என்றாலே சிங்களவருடையது என்று இங்கே நம் பிள்ளைகள் எண்ணி வளர்வதைக் காணும்போது, இதை அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது நம் தவறு என்றே படுகிறது.

பாளையங்கோட்டையில் 1999இல் வெளியான அவருடைய எழுத்துத் தொகுதி என்னிடம் உண்டு. தையில் கொழும்புக்கு வரும்போது வாங்கிச் செல்லும். மாளிகாகந்தைக்கும் சேர்ந்து போய்வருவோம்.

என்றும் அன்புடன்,
உமது பழைய தோழன்