மகள் வீடு திரும்பிவிட்டாள்: உடனிருந்த எல்லோருக்கும் நன்றி

தெருக்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், ஆஸ்பத்திரியில் எங்களைத் தாங்கியவர்களுக்கும் வணக்கம்.

மகள் நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். சோர்வு இன்னும் போகவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது என்கிறாள். டெங்கு விட்டுப் போகும்போது அப்படித்தான் இருக்குமாம். ஆளாளுக்கு போன் செய்து விசாரிக்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மெடிக்கல் கடைத் தம்பியிலிருந்து தொடங்குகிறேன். அவரை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். காய்ச்சல் கண்ட அன்று ராத்திரி பிள்ளை உடம்புவலி தாங்காமல் அழுததும் வலி மாத்திரை வாங்க ஓடினேன். கேட்டதை அவர் தரவில்லை. “மழை சீசன் அண்ணாச்சி. டெங்கு இல்லன்னு தெரியுற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான். காலையில ரத்த டெஸ்ட் எடுத்துருங்க” என்றார். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். கல்லாவுக்கு வரும் காசை வேண்டாமென்று சொன்ன தம்பி, நன்றி.

மறுநாள் என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. வார்டில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கா?” வந்திருக்கிறது, சின்ன வயதில். அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் போதும் என்ற கதை இதில் இல்லை. டெங்கு வைரஸில் 4 வகை. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு அந்த வகையைத்தான் நிலையாகத் தடுக்கும். பல வருஷம் கழித்து வேறு வகை வரும்போது, பழைய எதிர்ப்புப் பொருளே அந்த வைரஸை அணுக்களுக்குள் கூட்டிப்போய் விடுவதும் உண்டு. அதனால்தான் இரண்டாவது தடவை அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் கூட்டம் நெரிகிற வார்டில், முகம் சுளிக்காமல் எனக்கு விளக்கியவர் அவர்.

நான்காம் நாளோ என்னவோ காய்ச்சல் சட்டென்று இறங்கியது. பிள்ளை பிழைத்தாள் என்று என் மனைவி சாமிக்கு முடிந்து வைத்தாள். நர்ஸ் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “காய்ச்சல் விட்ட பிறகுதான்மா நாங்க முழிச்சிருக்கணும்” என்றார். டெங்குவின் சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. காய்ச்சல் இறங்குகிற வேளையில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும். பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் வரை அது ஓடும். அன்று சாயங்காலமே அவளுக்கு வயிற்றுவலியும் விடாத வாந்தியும் ஆரம்பித்தன.

அந்த இரவு முழுக்க சிஸ்டர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை, கட்டிலில் தொங்கும் ஒரு சார்ட். மணிக்கு ஒருமுறை நாடி, பிரஷர், கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, எவ்வளவு சிறுநீர் போனது என்ற கணக்கு. 40 கிலோ பிள்ளைக்கு மணிக்கு 20 மில்லியாவது போக வேண்டுமாம். பிசிவி என்று ரத்தத்தின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள், நீர் கசியக் கசிய அது ஏறும்; 36 இருந்தது 42 ஆனதும் டிரிப்பைக் கூட்டினார்கள். விடிந்து அது இறங்கத் தொடங்கியதும் குறைத்துவிட்டார்கள். பிள்ளை இன்னும் வாடிக் கிடக்கிறாளே, ஏன் குறைக்கிறீர்கள் என்றேன். கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும், அப்போது நாமும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் போய் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. என் மகளுக்குக் கிடைத்த வைத்தியம் உப்பு நீரும், அதை எப்போது கூட்டி எப்போது குறைப்பது என்று தெரிந்த இந்தக் கைகளும்தான். சிஸ்டர், உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் கதைக்கு வருகிறேன். எண்ணிக்கை இறங்க இறங்க வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். ரத்தம் கொடுக்க காலேஜ் பையன்கள் பைக்கில் வந்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா அசையவில்லை. ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஏற்றுவதால் பலன் இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-லேயே வெளியாகியிருக்கிறது என்றார். கடைசிவரை ஏற்றவில்லை, எண்ணிக்கை தானே ஏறியது. தம்பிகளா, உங்கள் ரத்தம் தேவைப்படவில்லை, நீங்கள் வந்து உட்கார்ந்தது தேவைப்பட்டது. பப்பாளி இலைச்சாறு அரைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்த சித்தப்பா, கோபிக்காதீர்கள். தண்ணீரையே வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அதை எப்படிக் கொடுப்பது?

அப்புறம், கொசு ஒழிப்புப் பணிக்கு வரும் அக்காவுக்கு. 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு கிடுகிடுவென்று பரவிய காலத்திலிருந்தே இந்த வேலையில் இருக்கிறாராம், இன்னும் தினக்கூலிதான். எங்கள் தெருவில் காய்ச்சல் கேஸ் என்று கேள்விப்பட்டு மறுநாளே டார்ச்சோடு வந்து, தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஆட்டுரல் குழி என்று ஒன்று விடவில்லை. கடைசியில் பூட்டிக் கிடந்த வீட்டு மாடியில் மூடியில்லாத டேங்க் இருப்பதைக் கண்டுபிடித்தார். கரண்டியில் மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். நெளிந்துகொண்டிருந்த புழுக்களை எண்ண முடியவில்லை. இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீர்தான் வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரிக்கும், அதனால் பிரஷ் போட்டுத் தேய்க்கணும் என்றார். எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை விட்டுவிட்டுத் தேய்த்தார்கள். சென்னையிலிருந்து முகம் கோணாமல் சாவியை கூரியரில் அனுப்பி, புது மூடிக்குப் பணமும் போட்ட வீட்டுக்கார அண்ணனுக்கும் நன்றி.

கஞ்சி, இளநீர், ரசம் என்று மாறி மாறிக் கொண்டுவந்தவர்கள் கவனிக்கவும்: இரண்டு டிபன் கேரியரும் நீல மூடி போட்ட ஒரு ஃபிளாஸ்க்கும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. யாருடையது என்று என் மனைவிக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம், காபியும் உண்டு.

நன்றியுடன்,
பிள்ளையின் அப்பா, அம்மா
திருநெல்வேலி