கழிப்பறைக்குச் சுவர் வேண்டும்: பயணக் கப்பல் அறைகளை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணக் கப்பல்களை இயக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகள், அக்கப்பல்களின் உள்ளறைகளை வடிவமைக்கும் வல்லுநர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில், பெட்டிகளின் உள்வேலைகளைச் செய்து முடிக்கும் ஃபர்னிஷிங் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி கழிப்பறைகளோடுதான் கழிந்தது. தண்ணீர் வழிந்தோடத் தரைக்கு வாட்டம் சரியாக இருக்கிறதா, தாழ்ப்பாள் ஈரக்கைக்கு வழுக்காமல் விழுகிறதா, வண்டி வளைவில் சாயும்போது உள்ளே இருப்பவர் கை நீட்டினால் கைப்பிடி அகப்படுகிறதா என்பவைதான் என் அன்றாடக் கவலைகள். வெளியே சொல்லிப் பெருமைப்படும் வேலை இல்லை என்று சிலர் நினைக்கலாம். ஓடும் வண்டியில் ஒரு முதியவர் விழாமல், கூச்சப்படாமல் உள்ளே போய்த் திரும்பி வருவதற்கு நாங்கள் பொறுப்பு என்று நினைத்துத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் தாயார், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோரை அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் ஏறி பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்று போய்வந்தேன். கப்பலின் பெயரை எழுதப் போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. உணவும் ஊழியர்களின் கனிவும் குறை சொல்ல முடியாதவையாக இருந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனத்தாங்கல் முழுவதும் அறையின் ஒரு மூலையைப் பற்றியது.

கட்டிலில் படுத்தால் கால்மாட்டில் குளியலறை. அதற்கும் கட்டிலுக்கும் நடுவே சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. இடுப்பளவுக்கு மங்கலாக்கிய கண்ணாடி, அதற்கு மேலே பச்சைக் கடல் அலை போன்ற ஓவியம், அலைகளின் இடைவெளிகளில் தெளிந்த கண்ணாடி. பக்கவாட்டில் நகரும் கதவு, தாழ்ப்பாள் கிடையாது, மூடினாலும் ஒரு விரற்கடை இடைவெளி நிற்கும். வாஷ் பேசின் வெளியே, கட்டிலை ஒட்டிய அலங்கார மேசையின் மேல், ஒரு பெரிய கிண்ணத்தைக் கவனமாக எடுத்து வைத்தாற்போல் இருந்தது. படமெடுத்தால் மிக அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் என் மகளே, "அப்பா, எவ்வளவு வெளிச்சம் பாருங்கள்" என்றுதான் சொன்னாள்.

அன்று மாலையே அந்த அழகு எங்களுக்குச் சுமையாகிவிட்டது. ஒருவர் உள்ளே போனால் மற்ற மூவரும் அறையை விட்டு வெளியேறி நடைபாதையில் நிற்க வேண்டும், அல்லது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். இரவில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே விளக்கைப் போட்டால் கண்ணாடிப் பெட்டி முழுவதும் ஒளிர்ந்து, கட்டிலிலும் சோபாவிலும் படுத்திருப்பவர்களின் கண்ணில் அடிக்கும். எழுபத்தொன்பது வயதான என் தாயார் இரவில் இரண்டு முறையாவது எழுந்துகொள்பவர். எங்கள் தூக்கம் கெடக் கூடாது என்று முதல் இரவு விளக்கைப் போடாமலேயே உள்ளே போயிருக்கிறார். கப்பல் மெல்ல உருண்டுகொண்டிருந்த நேரம் அது. இருட்டில் கை நீட்டிப் பிடிக்க வழவழவென்ற கண்ணாடியைத் தவிர எதுவும் அகப்படவில்லை என்று காலையில் என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நாளிலிருந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். "ஏம்மா?" என்று கேட்டதற்கு, "தாகம் இல்லைப்பா" என்றார். மூன்று நாளும் தாகம் இல்லை என்றே சொன்னார். ஒரு குளியலறையின் வடிவமைப்பு ஒரு முதியவரைத் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்யும் என்பது, இத்தனை ஆண்டுகள் இதே தொழிலில் இருந்த எனக்கே அன்றுதான் புரிந்தது.

இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு வழி எப்படிப் பிறந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. பழைய முறைக் கழிப்பறையில் கழிவுநீர் தன் கனத்தால் இறங்க வேண்டும். ஆகவே பருத்த குழாயும், குழாய்க்கு வாட்டமும் வேண்டும். கழிப்பறையை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. இன்றைய கப்பல்களில் இருப்பது வெற்றிடக் கழிப்பறை. வந்தே பாரத் வண்டிகளிலும் அதே தத்துவம்தான். ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரில் கழிவை உறிஞ்சி இழுத்துவிடும்; மெல்லிய குழாய் போதும்; குழாய் சற்று மேலேறிச் சென்றாலும் தடையில்லை. இதனால் கழிப்பறையை ஒரு பக்கமும் ஷவரை மறுபக்கமும் வைக்கும் சுதந்திரம் வடிவமைப்பாளருக்குக் கிடைத்தது. அது நல்ல சுதந்திரம்தான். அதை யாருக்காகப் பயன்படுத்தினார்கள் என்பதே என் கேள்வி.

2010-இல் கடலுக்கு வந்த நார்வீஜியன் எபிக் கப்பலை உங்களில் அறியாதவர் இருக்க மாட்டீர்கள். வளைந்த சுவர்கள் கொண்ட அறைகள். வாசலில் நுழைந்ததும் ஒரு பக்கம் கழிப்பறை, மறுபக்கம் ஷவர், இரண்டுக்கும் மங்கல் கண்ணாடி. வாஷ் பேசின் மட்டும் படுக்கைப் பகுதியில். மறைப்புக்கு நடுவே ஒரு திரைச்சீலை. பயணிகளிடமிருந்து வந்த குறைகள் ஏராளம். அதே நிறுவனம் 2013-இல் இறக்கிய பிரேக்அவே கப்பலில், பேசினும் ஷவரும் கழிப்பறையும் ஒரே கதவுக்குள் இருக்கும் பழைய முறைக்கே திரும்பியது. அந்த எபிக் கப்பலிலேயே, தனியாகப் பயணம் செய்பவர்களுக்கென்று, சுமார் 100 சதுர அடியில் 128 சிற்றறைகள் அமைத்திருந்தார்கள். இரட்டைக் கட்டணம் கொடுக்காமல் ஒருவர் தனியாகக் கப்பலேற வழிசெய்த அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தனியாளுக்குக் கண்ணாடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது ஆள் அறைக்குள் வந்த கணத்தில்தான் சுவர் தேவையாகிறது. மூன்றாவது, நான்காவது ஆள் வரும்போது அது இல்லாமல் முடியாது.

புதுமையையே வேண்டாம் என்று சொல்பவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். 1998-இல் வந்த டிஸ்னி மேஜிக் கப்பலில் குளியலறையை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்றில் கழிப்பறையும் ஒரு பேசினும், இன்னொன்றில் குளிக்கும் தொட்டியும் மற்றொரு பேசினும்; இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. வழக்கத்துக்கு மாறான ஏற்பாடுதான். ஆனால் குழந்தையைத் தாய் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது தகப்பன் கழிப்பறைக்குப் போக முடிகிறது. அந்த அமைப்பை வரைந்தவர், காலை ஆறரை மணிக்கு ஒரு குடும்ப அறையில் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு வரைந்திருக்கிறார். எபிக்கிலும் கழிப்பறையும் ஷவரும் பிரிந்துதான் இருந்தன. சுவரைக் கண்ணாடியாக்கிவிட்டதால் பிரித்ததன் பயன் கிடைக்காமல் போயிற்று.

2018-இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலின் பால்கனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி பால்கனியை நீக்கி, அந்த இடத்தையும் அறையோடு சேர்த்து, பொத்தானை அழுத்தினால் ஜன்னலின் மேற்பாதி கீழே இறங்கும்படி செய்திருக்கிறார்கள். ஆற்றுக் கப்பல்களிலிருந்து வந்த யோசனை. அறை பெரிதாகிறது, மழையிலும் அந்த இடம் பயன்படுகிறது. ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் ஏசி நின்றுவிடும் என்பதும், கடல் நிலவரத்தைப் பொறுத்து மாலுமிகள் மேலேயிருந்தே ஜன்னலைப் பூட்டிவிட முடியும் என்பதும் பலரின் குறை. ஜூன் மாதத்துச் சென்னைக் காற்றை அறிந்தவர்கள், வங்கக் கடலில் அந்த ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் மெத்தை விரிப்பு என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். ஆயினும் இது விருப்பத்தைச் சார்ந்த விஷயம். பிடிக்காதவர் ஜன்னலைத் திறக்காமல் இருந்துகொள்ளலாம். கழிப்பறைக்குப் போகாமல் இருந்துகொள்ள முடியாது.

தீ விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பல் ஜமைக்கா நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, பால்கனிகளில் தீப்பிடித்துப் பக்கத்துப் பால்கனிகளுக்கும் மேல்தளங்களுக்கும் பரவி, ஒரு பயணி உயிரிழந்தார். பால்கனியின் தடுப்புகளும் நாற்காலிகளும் எரியக்கூடிய பொருளால் ஆனவை என்பது அதன் பிறகுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 'சோலாஸ்' விதிகளைத் திருத்தி, 2008 முதல் பால்கனிகளையும் தீப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அறைக்கு வெளியே ஒரு தடுப்புப் பலகை எதனால் ஆனது என்பதே உயிர்ப் பிரச்சினை ஆகும் என்றால், அறைக்கு உள்ளே இருக்கும் ஒரு தடுப்பு எதனால் ஆனது என்பது குறைந்தபட்சம் மானப் பிரச்சினை என்பதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு எந்த உலக விதியும் தேவைப்படாது; உங்கள் வரைபடத்தில் ஒரு கோடு போதும்.

நம் ஊரிலிருந்து கப்பலேறுபவர்களின் வழக்கத்தையும் கேளுங்கள். நாங்கள் ஓர் அறைக்கு இருவராக வருவது குறைவு. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளோடு நான்கு பேராகத்தான் ஓர் அறையை எடுக்கிறோம். நான்கு பேர் இருக்கும் அறையில் பெண்கள் உடை மாற்றும் இடமும் குளியலறைதான். புடவை கட்ட ஒருவர் கையை நீட்டித் திரும்ப இடம் வேண்டும்; நனையாத ஒரு கொக்கி, மாற்றுத் துணி வைக்க ஒரு தட்டு வேண்டும். கழிப்பறையில் காகிதத்தோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இல்லை, தண்ணீர் வேண்டும். என் தாயார் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கப்பலேறினார், அது உதவவும் செய்தது. ஆனால் கீழே சிந்திய தண்ணீர் போக வழியில்லை. தண்ணீர் போகும் துவாரம் ஷவருக்குக் கீழே மட்டும்தான். கழிப்பறைப் பக்கத் தரை சமதளம். சிந்தியது கண்ணாடிக் கதவின் இடைவெளி வழியாகக் கம்பளத்துக்கு வந்தது. நான்காம் நாள் அந்தக் கம்பளத்தின் ஓரம் வீசிய நெடியை, துப்புரவுக்கு வந்த பையன் எங்களிடம் சொல்லக் கூசினான், நாங்கள் அவனிடம் சொல்லக் கூசினோம்.

இதற்கான தீர்வுகள் எதுவும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கழிப்பறைப் பக்கத்திலும் ஒரு துவாரம், அதை நோக்கித் தரைக்கு வாட்டம், தண்ணீர் வெளியேறாதபடி உயர்ந்த வாசற்படி, சுவரில் கழுவிக்கொள்ள ஒரு கைக்குழாய் (ஹெல்த் ஃபாஸெட்), உட்காரும்போதும் எழும்போதும் பிடிக்க இரண்டு கைப்பிடிகள், தூங்குபவர் கண்ணில் படாமல் தரையை மட்டும் காட்டும் ஒரு சிறு இரவு விளக்கு, உள்ளிருந்து போடக்கூடிய தாழ்ப்பாள். ரயில்பெட்டியில் இதைவிடச் சிறிய இடத்தில், இதைவிட அதிகமாகக் குலுங்கும் தரையில், இவற்றில் பெரும்பாலானவற்றை நாங்கள் பொருத்தியிருக்கிறோம். எல்லாம் குறையின்றி இருந்தன என்று சொல்லவில்லை. ஆனால் கழிப்பறைச் சுவரைக் கண்ணாடியாக்கலாம் என்று எங்கள் கூடத்தில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு தவறு எத்தனை முறை நகலாகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கப்பல் குளியலறைகள் இப்போது ஆலையில் முழுப் பெட்டியாகச் செய்து முடிக்கப்பட்டு, அப்படியே கப்பலுக்குள் நகர்த்திப் பொருத்தப்படுகின்றன. எபிக் போன்ற ஒரு கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். வரைபடத்தில் ஒருமுறை செய்த பிழை, கப்பலில் இரண்டாயிரம் முறை அமர்ந்துவிடும். அதைப் பிறகு பிரித்தெடுப்பது சுவரை இடித்துச் சுவர் கட்டும் வேலை. கப்பலின் ஆயுளும் குறைவில்லை. 2022 ஜூனில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்த எம்பிரஸ் கப்பல் 1990-இல் முதன்முதலில் கடலுக்கு வந்தது. இன்று நீங்கள் வரையும் அறையில் முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பாட்டி இரவில் எழுந்து நடப்பார்.

எம்பிரஸ் 2023-இல் இங்கிருந்து இலங்கைக்கும் போய்வந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'குரூஸ் பாரத்' திட்டத்தை அறிவித்து, 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் இந்தக் கரைக்கு இன்னும் கப்பல்கள் வரும்; பழையவை புதுப்பிக்கப்படும்; புதியவையும் கட்டப்படலாம். அந்த வேலைகள் தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

கப்பல் கட்டுவதற்கு முன் மாதிரி அறை ஒன்றைக் கட்டிப் பார்ப்பது உங்கள் வழக்கம். நிர்வாகிகளும் படமெடுப்பவர்களும் அதைப் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை அந்த மாதிரி அறையில் நான்கு பேர் கொண்ட ஒரு சென்னைக் குடும்பத்தை ஓர் இரவு முழுவதும் தங்க வையுங்கள். அவர்களில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். இரவு உணவுக்குப் பிறகு அவருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். காலையில் அவரைத் தனியே உட்காரவைத்து, ஒரு பெண் அலுவலரை விட்டுப் பொறுமையாகக் கேளுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். என் தாயாரை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை ஊழியர்,
பெரம்பூர், சென்னை.