சிறிய எஞ்சின் போதும். வேண்டுமானால் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்

படகுப் பதிவு மற்றும் ஆய்வுப் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. கோப்பு உங்கள் மேசையில் இருப்பதால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. படகிலுள்ள 40 எச்.பி. எஞ்சினை இறக்கிவிட்டு 15 எச்.பி. எஞ்சினைப் பொருத்த அனுமதி கேட்டிருந்தேன். முதல் தடவை ஒரு சான்று குறைகிறது என்றீர்கள், கொடுத்தேன். இரண்டாம் தடவை படிவம் மாறிவிட்டது என்றீர்கள், புதிய படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒரே வரிதான்: "திறன் குறைவு, பரிந்துரைக்க இயலாது." எதற்குக் குறைவு, எவ்வளவு குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த மூன்று தடவையில் ஒருவரும் கரைக்கு வந்து படகைப் பார்க்கவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். முழுப் பாரத்தோடு கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நினைக்கலாம். எங்கள் கரையில் எஞ்சினைப் படகிலேயே விட்டுவிட்டு வர முடியாது. தினமும் கழற்றி மேட்டுக்குத் தூக்கிவர வேண்டும், விடியும் முன்னே திரும்பத் தூக்கிக்கொண்டு போய் மாட்ட வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின், எழுபது கிலோவுக்கு மேல். முன்பு நான்கு பேர் இருந்தோம். இப்போது நானும் தம்பியும் மட்டும்தான். ஒரு நாள் விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எஞ்சினை அமரப் பலகையில், அதாவது படகின் பின்பக்கப் பலகையில், ஏற்றினோம். கவ்வியைப் பலகைமேல் உட்காரவைக்கும் நேரத்தில் ஒரு சின்ன அலை படகைத் தூக்கிப் போட்டது. எஞ்சின் என் பக்கம் நழுவியது. நான் அதைத் தாங்கிப் பிடித்துவிட்டேன், ஆனால் தம்பியின் கை கவ்விக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் கத்தக்கூட இல்லை. "அண்ணே, தூக்கு, தூக்கு" என்று மட்டும் சொன்னான். கட்டுப் பிரித்து மாதங்களாகின்றன. இன்றும் அவனுக்கு இரண்டு விரல் முழுசாக மடங்குவதில்லை. வலைக் கயிற்றைப் பிடித்தால் அந்த இரண்டும் கயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மறுநாளும் அதே எஞ்சினைத்தான் தூக்கினோம், வேறு ஆளைக் கூலிக்கு வைத்துக்கொண்டு.

நான் வாங்க நினைக்கும் 15 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஐம்பது கிலோ சுமாருக்கு வருகிறது. அதை இரண்டு பேர் தூக்கலாம்.

"திறன் குறைவு" என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வகை. மேலெழும்பிச் சறுக்கிப் போகும் வகை இல்லை. இப்படிப்பட்ட படகின் வேகத்தை அதன் நீளமே கட்டிப்போடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கிடைக்கும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்குதான் அதற்கு ஏறக்குறைய எல்லை. எங்கள் படகுக்கு நீர்மட்டத்தில் 20 அடி. அதாவது 6 நாட். இதற்கு மேல் 40 எச்.பி.யைக் கொடுத்தாலும் 60 எச்.பி.யைக் கொடுத்தாலும் எங்கள் படகு சொல்லும்படியாக வேகம் எடுக்காது. பாதி திராட்டிலுக்கு முன்பே 6 நாட் வந்துவிடுகிறது. அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் முன்பக்கமான அணியம் மேலே தூக்குகிறது, அமரம் கீழே அழுந்துகிறது, பின்னால் அலை எழும்புகிறது. பெட்ரோல் எல்லாம் அந்த அலைக்குத்தான் போகிறது. அதுவரைக்குமே வேகத்தைக் கூட்டுவது மலிவில்லை. 5 நாட்டிலிருந்து 6 நாட்டுக்குப் போகவே ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் திறன் வேண்டும். எல்லையை நெருங்க நெருங்க அது இன்னும் ஏறும்.

அமரத்தில் கூடுதல் எடை இருந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் இந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வலை பக்கம் போனதும் திராட்டிலைச் சட்டென்று குறைக்கிறோம். படகு நின்றுவிடுகிறது, அது எழுப்பிய அலை நிற்பதில்லை. பின்னாலேயே வந்து, எஞ்சினுக்காகப் பலகையில் வெட்டிய இடத்தின் வழியாக உள்ளே குதிக்கிறது. பெட்ரோல் டேங்க்கும் அதே பக்கம்தான் இருக்கிறது. ஒருவன் வலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றவன் வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். அந்த இன்னொருவனுக்குத்தான் இப்போது இரண்டு விரல் சரியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை நாள் முழுக்க மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கிறது. கடல் நடுவில் எஞ்சின் அணைந்துபோய், பிளக்கைக் கழற்றிச் சட்டைத் துணியால் துடைத்து, மறுபடி மாட்டிக் கயிறு இழுத்த நாட்கள் எனக்குக் கணக்கில்லை. எதிர்காற்றில் திறன் போதாமல் போனால் ஆபத்து என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கவலை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடாமல் நிற்கும் 40 எச்.பி.யும் ஆபத்துதானே?

எதிர்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கையிருப்புத் திறன் வேண்டும் என்றால் அதையும் சோதித்துவிடலாம். புதிய எஞ்சினுக்கும் பழையதைப் போலவே 20 அங்குலத் தண்டுதான் கேட்டிருக்கிறேன், தண்ணீரைத் தள்ளும் விசிறி சரியான ஆழத்தில் நிற்கும். விசிறியைப் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னே தள்ளும் தூரம்) குறைந்ததாக, பாரம் இழுப்பதற்கு ஏற்றதாகப் போடப் போகிறேன். முழுப் பாரத்தோடு முழுத் திராட்டிலில் ஓட்டும்போது, எஞ்சின் செய்தவர்கள் குறித்திருக்கும் நிமிடச் சுற்று எண்ணிக்கைக்குள் அது வந்துவிட்டால் விசிறி பொருந்துகிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் பிட்ச் ஒரு அங்குலம் குறைந்த விசிறியை மாட்டி மறுபடி ஓட்டலாம், சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். அப்படியும் வரவில்லை, நீரோட்டத்தை எதிர்த்துப் படகு ஏறவில்லை என்றால் நானே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஓட்டிப் பார்க்காமல் மேசையிலிருந்தே இல்லை என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் படகில் பதித்திருக்கும் தகட்டில் இவ்வளவு எச்.பி.க்கு மேல் போகக்கூடாது என்றுதான் இருக்கிறது. இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு எழுத்தும் இல்லை. உங்கள் படிவமோ "கூடுதல் திறன் கோரும் காரணம்" என்று கேட்கிறது. குறைக்க வருகிறவன் எங்கே எழுதுவது? அமரப் பலகையைப் பலப்படுத்தியதற்குச் சான்று என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? நான் பாரத்தைக் குறைக்கிறேன். படகு வாங்கும்போது பெரிய எஞ்சினைப் போடு, பெரியதுதான் நல்லது என்று சொல்லாத ஆளே இல்லை. விற்கிறவர்களும் சொன்னார்கள், அனுமதி கொடுத்தவர்களும் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஒருவரும் நீர்மட்ட நீளத்தை அளந்து பார்க்கவில்லை. பெரியதற்கு ஒரே நாளில் கிடைத்த கையெழுத்து, சிறியதற்கு மூன்று தடவை அலைந்தும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது கோபம் வராமல் இல்லை.

கோபம் உங்களில் தனி ஒருவர் மீதானதல்ல. உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, கோப்பு நிறைய என்பது தெரியும். வார்த்தை எங்கேனும் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒரே ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். தேதியை நீங்களே குறியுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளாகவே இருக்கட்டும். மீன், ஐஸ் பாரத்துக்குச் சமமாகத் தண்ணீர் டிரம்களை ஏற்றி வைக்கிறேன். புதிய எஞ்சினைச் சோதனைக்கு மட்டும் தர விற்பனையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். உங்களில் ஒருவர் சுக்கான் பிடியில் உட்காருங்கள், இன்னொருவர் வேகத்தையும் சுற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு, முடியும் என்றோ முடியாது என்றோ காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்.

கொஞ்சம் முன்னதாக வந்தால், இரண்டு எஞ்சின்களையும் கரையிலிருந்து படகு வரை எப்படிக் கொண்டு போகிறோம் என்பதையும் பார்க்கலாம். தம்பியும் அங்கே இருப்பான்.

பணிவுடன்,
ஒரு படகு உரிமையாளர்